குத்தகைக்குக் கையெழுத்திட முன் தவறணையின் முகட்டில் ஏறிப் பாருங்கள்

இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான கட்டடத்தில் இருந்த ஒரு கிராமத்துத் தவறணையை, அதாவது பப்பை, 2017 பெப்ரவரி முதல் 2022 பெப்ரவரி வரை நான் குத்தகைக்கு எடுத்து நடத்தினேன். அந்த ஐந்து ஆண்டுகளில், வாடகையைக் கணக்கில் சேர்க்காமலே, 103,000 பவுண் என் கையை விட்டுப் போயிற்று. வியாபாரம் படுத்ததால் போன காசு அன்று அது. சனம் வந்தது, சாப்பாடும் விற்றது. அவ்வளவும் கட்டடத்தோடு போன காசு. கடந்த ஓராண்டுக்குள் எனக்குத் தெரிந்த மூன்று பேர், பெற்றோல் நிலையத்தையும் பலசரக்குக் கடையையும் விற்றுவிட்டு நாட்டுப்புறத்தில் ஒரு பப் எடுக்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். மூவருக்கும் தொலைபேசியில் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன், ஏனென்றால் 2017இல் இதை எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

தவறணை என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் அனுமதிப்பத்திரம் பெற்ற கள்ளுக்கடைக்கு அதுதான் பெயர். ஐரோப்பியர் காலத்தில் எங்கள் வாயில் வந்து தங்கிவிட்ட சொல் அது. ஆங்கிலத்தின் ‘டேவர்ன்’ என்பதற்கும் அதற்கும் வேர் ஒன்றே. எங்கள் ஊரில் அது கிடுகு வேலிக்குப் பின்னால் இருந்தது. பின்னேரத்தில் ஒழுங்கையால் போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று அவர்கள் வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கிலாந்தின் கிராமத்துத் தவறணையோ ஞாயிற்றுக்கிழமை மதியம் பாட்டியும் பேரப்பிள்ளையும் நாயும் சேர்ந்து வந்து இருக்கும் இடம். பழைய ஆங்கிலச் சட்டம் இதில் மூன்று வகையைப் பிரித்தே பார்த்தது: ஏல் என்ற பார்லி மதுவை விற்றது ஏல் வீடு, வைன் விற்றது தவறணை, வழிப்போக்கருக்குப் படுக்கையும் குதிரைக்குத் தீனியும் கொடுத்தது ‘இன்’ என்ற சத்திரம். 1577இல் எடுத்த கணக்கெடுப்பில் இம்மூன்றும் தனித்தனியாகவே எண்ணப்பட்டன. அதற்கு முன்னரே, 1552ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏல் விற்பவர் நீதவான்களிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது. பிறகு 1830ஆம் ஆண்டுச் சட்டம், வரி கட்டும் வீட்டுக்காரர் எவரும் இரண்டு கினி (அக்கால ஆங்கிலேயக் காசு) செலுத்தித் தம் வீட்டு முன்னறையிலேயே பியர் விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. கிராமத்து பப்கள் பல இன்றும் வெறும் வீடுகளைப் போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். குத்தகைக்கு எடுப்பவருக்கு இந்த வரலாறு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சத்திரமாகக் கட்டப்பட்டதில் குசினிக்கும் களஞ்சியத்துக்கும் வண்டி வருவதற்கும் முதலிலேயே இடம் ஒதுக்கியிருப்பார்கள். கமக்காரனின் வீடாகக் கட்டப்பட்டுப் பிற்காலத்தில் ஏல் வீடானதில் குசினி, புகைக்குழாய், கழிவறை எல்லாமே பின்னால் வெட்டித் திணிக்கப்பட்டவையாக இருக்கும். அந்த வெட்டுகளை யார், எப்போது, யாருடைய அனுமதியோடு செய்தார்கள் என்பதுதான் உங்கள் காசைத் தீர்மானிக்கும். நான் எடுத்தது இரண்டாவது வகை.

முதல் நாள் பார்க்கப் போனபோது வீதியில் நின்று நான் கண்டதைச் சொல்கிறேன். நீளமான ஒரே கூரை, அதன்மேல் சிவந்து கறுத்த சிறு மண் ஓடுகள். இரண்டு அந்தங்களிலும் மேல்மாடி கீழ்ச்சுவரைவிட ஒன்றரை அடி முன்னுக்குத் தள்ளி நிற்க, நடுப்பகுதி மட்டும் உள்ளுக்குப் போயிருந்தது. அந்த நடுப்பகுதிக்கு மேலே கூரையைத் தாங்க இரண்டு பக்கமிருந்தும் வளைந்த மரக் கைகள் நீண்டிருந்தன. நடுச்சுவர் காலப்போக்கில் உட்கார்ந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். உண்மையில் அது வீல்டன் மண்டப வீடு என்று பெயர் பெற்ற, பெரும்பாலும் கென்ற், சசெக்ஸ் பகுதிகளில் காணப்படும் கட்டடவகையின் முகம். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வசதி படைத்த கமக்காரர் கட்டிக்கொண்ட வீடு அது. எனக்கு அப்போது அது தெரியாது. சுவரெல்லாம் சாம்பல் நிறச் சீமெந்து பூசி வெள்ளை அடித்திருந்தது. உறுதியான சுவர் என்று அதைத் தட்டிப் பார்த்து மகிழ்ந்தேன். உள்ளே கறுத்த ஓக் தீராந்திகளில் பியருக்குக் கசப்பூட்டும் கென்ற் தோட்டத்து ஹொப் கொடிகள் உலர்ந்து தொங்கின. ஒரு ஆள் உள்ளே நிற்கக்கூடிய அகலத்தில் அடுப்பு, அதில் விறகு எரிந்துகொண்டிருந்தது. பத்தொன்பது ஆண்டுகள் குழல்விளக்கின் கீழ் காசாளர் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவன் நான். அந்த நெருப்புக்கு முன்னால் இருந்த ஐந்து நிமிடத்தில் மனம் முடிவெடுத்துவிட்டது.

குத்தகை பதினைந்து ஆண்டு. முற்பணம் 35,000 பவுண், வாடகை ஆண்டுக்கு 28,000 பவுண், ஐந்தாம் ஆண்டு முடிவில் நான் விரும்பினால் விலகலாம் என்று ஒரு விதி. பத்திரம் முழுப் பழுதுபார்ப்புக் குத்தகை என்ற வகையில் எழுதப்பட்டிருந்தது. அதன் பொருளை அப்போது நான் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. நீங்கள் இருக்கும் காலத்தில் பழுதாவதை மட்டும் திருத்தும் பொறுப்பு அன்று அது. நீங்கள் வரும்போதே பழுதாக இருப்பதையும் திருத்திக் கொடுக்கும் பொறுப்பு. ஐந்நூறு ஆண்டுக் கட்டடத்தில் அந்த ஒரு வரி எவ்வளவு பெரியது என்பதை யோசித்துப் பாருங்கள். இதிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. கையெழுத்திடும் நாளில் கட்டடத்தின் ஒவ்வொரு சுவரையும் மரத்தையும் கூரை ஓடுகளையும் படமெடுத்து, குறிப்பெழுதி, அதை நிலைமைப் பட்டியல் என்ற பெயரில் பத்திரத்தோடு இணைத்து, இதைவிட நல்ல நிலையில் திருப்பித் தரும் கடமை எனக்கு இல்லை என்று ஒரு வசனம் சேர்க்க வேண்டும். பழைய கட்டடங்களைப் பரிசோதித்து அறிக்கை தருவதில் தேர்ந்த அளவையாளர் ஒருவர் இதற்கும் முழுப் பரிசோதனைக்கும் சேர்த்து 2,400 பவுண் கேட்டார். எனக்கு அது வீண்செலவாகத் தெரிந்தது. பத்திரத்தைப் பார்த்தவரும் எங்கள் வீட்டை வாங்கித் தந்த சட்டத்தரணிதான். நல்ல மனிதர், ஆனால் வீடு வாங்கிக் கொடுப்பது வேறு, வணிகக் குத்தகை வேறு. பின்னாளில், வடக்கு இலண்டனில் முன்பு பப் நடத்திய ஒரு அண்ணையிடம் இதைச் சொன்னபோது, “தம்பி, வீடு வாங்கித் தாற லோயரிட்டயே இதையும் குடுத்தனீர்?” என்று மட்டும் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். “ஓம் அண்ணை” என்பதைத் தவிர எனக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

முதல் மாரிகாலம் வரை எல்லாம் நன்றாகவே போயிற்று. மனைவியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் காரணமாக இலண்டனில் இருக்க, நான் பப்பின் மேல்மாடி அறையில் தங்கினேன். ஒக்டோபரில் சுவர்களின் கீழ்ப்பகுதியில் ஈரம் ஏறத் தொடங்கியது. மரத்தூண்கள் சுவரோடு சேரும் இடங்களில் கறுத்த பூஞ்சணம் பிடித்தது, மேசைவிரிப்பில்கூட அந்த மணம் வந்தது. இலவசமாகப் பரிசோதிக்கிறோம் என்று விளம்பரம் செய்த ஒரு ஈரத்தடுப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். அவர்கள் சிறு கருவி ஒன்றைச் சுவரில் குத்தி, சிவப்பு விளக்கு எரிவதைக் காட்டி, நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது என்றார்கள். சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு இரசாயனம் ஏற்றி, உட்புறம் நீர்புகாச் சாந்து பூசிவிட்டுப் போனார்கள். 5,200 பவுண். 2018 பெப்ரவரி முடிவில் பெரிய பனி கொட்டியது. மார்ச்சில் அது உருகியபோது, புதிதாகப் பூசிய இடத்துக்கு மேலே, முன்பு காய்ந்திருந்த பகுதியிலும் ஈரம் வந்துவிட்டது. ஏப்ரலில் இரவுகளில் படுத்திருக்கும்போது தலைமாட்டுத் தூணுக்குள்ளிருந்து யாரோ விரலால் தட்டுவதுபோல ஆறேழு தட்டு, பிறகு அமைதி, மீண்டும் தட்டு என்று கேட்கத் தொடங்கியது. தனியாக அந்த வீட்டில் படுத்திருந்தவனுக்கு அது என்ன செய்திருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. டெத்வாட்ச் என்று ஆங்கிலேயர் பெயரிட்ட வண்டு அது. ஈரமேறி உக்கத் தொடங்கிய ஓக் மரத்துக்குள் ஆண்டுக்கணக்கில் புழுவாக இருந்து, வண்டாகி, வசந்தத்தில் துணையைக் கூப்பிடத் தலையை மரத்தில் அடிக்கிறது. அதே நிறுவனம் வண்டுக்கு மருந்தடிக்க இன்னொரு 3,000 பவுண் கேட்டது. கையில் அவ்வளவு இல்லாததால்தான் அன்று இல்லை என்றேன்.

அந்தக் கிராமத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நாளும் மாலை ஆறு மணிக்கு வந்து அரைப் பைன்ற் பியரோடு இருப்பார். அவர்தான் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் தொலைபேசி ஆலோசனையைப் பற்றிச் சொன்னார். வில்லியம் மொறிஸ் 1877இல் தொடங்கிய சங்கம் அது. ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. நான் விவரித்ததைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தில் இருந்தவர் முதலில் கேட்டது, வெளிச்சுவரில் என்ன பூசியிருக்கிறது என்பதே. அதன் பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தச் சுவர்கள் ஓக் மரச் சட்டகத்துக்குள் வரிச்சுப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பியவை. எங்கள் ஊர் மண்வீட்டின் சுவரேதான், மரம் மட்டும் வேறு. மழை பட்டால் இச்சுவர் கொஞ்சம் ஈரத்தை வாங்கும், காற்று வீசினால் விட்டுவிடும். சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்பு வெள்ளையும் அந்த வாங்கலுக்கும் விடலுக்கும் தடையாக இருப்பதில்லை. சீமெந்து தடைபோடுகிறது. மரம் காலத்துக்குக் காலம் அசைய, அசையாத சீமெந்தில் மயிர்க்கோடு போல வெடிப்பு விழுகிறது. அதற்குள் மழைநீர் போகிறது, வெளியே வர வழி இல்லை, மரத்தை உக்க வைக்கிறது. உட்புறமும் நீர்புகாச் சாந்து பூசியதால் நான் அந்தச் சுவரை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டேன். வண்டுக்கு மருந்து தேவையில்லை, மரம் காய்ந்தால் வண்டு தானாகவே குறைந்துவிடும் என்றார். ஐந்நூறு ஆண்டு நின்ற சுவர் திடீரென்று அழுதால், அண்மையில் அதற்கு யார் என்ன பூசினார்கள் என்று பாருங்கள். மருந்து விற்பவரின் இலவசப் பரிசோதனையை ஒருபோதும் பரிசோதனை என்று நம்பாதீர்கள். விற்க ஒன்றும் இல்லாத அளவையாளருக்குக் காசு கொடுத்து எழுத்தில் வாங்குங்கள்.

சீமெந்தை உடைத்துச் சுண்ணாம்பு பூச கவுன்சிலின் அனுமதி வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். ஏனெனில் அது லிஸ்டட் கட்டடம், அதாவது வரலாற்று மதிப்புக்காகப் பட்டியலிட்டுச் சட்டம் பாதுகாக்கும் கட்டடம், இரண்டாம் தரம். இங்கிலாந்தில் பட்டியலில் உள்ள ஏறத்தாழ நான்கு இலட்சம் பதிவுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்தத் தரம்தான். இரண்டாம் தரம் என்றால் வெளிமுகத்தைத் தொடாமல் விட்டால் போதும் என்று நம்முடைய ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தரம் எதுவானாலும் பாதுகாப்பு உள்ளும் புறமும் முழுக் கட்டடத்துக்கும் உண்டு. விண்ணப்பம் போட்டேன். ஜூனில் கவுன்சிலின் மரபுக் கட்டட அலுவலர் வந்தார். சுவர்களைப் பார்த்து, சுண்ணாம்புத் திட்டத்துக்குத் தலையாட்டினார். வெளியே நின்று கூரையை அண்ணாந்து பார்த்தவர், பின்பக்கத்தில் ஓடுகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த குசினியின் இரும்புப் புகைக்குழாயைக் காட்டி, இது எப்போது வைத்தது என்று கேட்டார். நான் வரும்போதே இருந்தது என்றேன். முகட்டுக்குள், அதாவது கூரைக்குக் கீழே உள்ள வெளிக்குள், போகலாமா என்று கேட்டார்.

பதினாறு மாதம் அந்தக் கூரையின் கீழ் படுத்தவன், அன்றுதான் அந்த ஏணியில் முதன்முதலாக ஏறினேன். அலுவலர் கைவிளக்கை அடித்தார். நடுவில் ஒரு பெரிய குறுக்குத் தீராந்தி. அதன் மத்தியில் எண்கோணமாகச் செதுக்கிய ஒரு தூண், நாலு பக்கமும் வளைந்த கைகளை நீட்டி, கூரை மரங்களை இணைக்கும் உத்திரத்தைத் தாங்கி நின்றது. கிரவுன் போஸ்ட் என்று அதற்குப் பெயர். அந்தத் தூணும் அதைச் சுற்றிய கைமரங்களும் முழுக் கறுப்பு. இரண்டு அந்தங்களிலும் உள்ள கைமரங்களோ வெறும் பழுப்பு. அவர் ஒரு கைமரத்தில் விரலைத் தேய்த்து என்னிடம் காட்டினார். என் அம்மம்மாவின் குசினி முகட்டில் விறகடுப்புப் புகை படிந்து தொங்கும் ஒட்டடையைத் தொட்டால் வருமே, அதே கரி. அந்த வீடு கட்டப்பட்டபோது புகைபோக்கியே இருக்கவில்லை. நடுவில் நிலத்திலிருந்து முகடு வரை திறந்த ஒரே மண்டபம், தரையின் நடுவில் அடுப்பு, புகை மேலே எழுந்து கூரைக்குள் தங்கி மெல்ல வெளியேறும். பதினாறாம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி வந்த பிறகுதான் மண்டபத்துக்கு நடுவே தளம் போட்டு மேல்மாடி ஆக்கினார்கள். என் பார் மேசைக்கு மேலே ஹொப் தொங்கிய தீராந்திகள் அந்தத் தளத்தினுடையவை. அலுவலர் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே விளக்கைப் பின்பக்கம் திருப்பினார். முக்கால் முழ விட்டமுள்ள இரும்புக்குழாய் ஒன்று கூரை ஓடுகளைப் பிளந்துகொண்டு போனது. அதற்கு இடம் விட, கறுத்த கைமரங்கள் இரண்டும் அவற்றை இணைத்த குறுக்குச் சட்டம் ஒன்றும் மின்வாளால் நேராக அறுக்கப்பட்டிருந்தன. வெளியே கறுப்பு, அறுத்த முகத்தில் தேன் நிறம். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. எனக்கு அதைச் செய்தவர் மேல் கோபம் வந்தது. அதற்கு முதல், அந்த மரத்தைப் பார்க்கவே நெஞ்சு வலித்தது.

சட்டம் இங்கே எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். 1990ஆம் ஆண்டின் லிஸ்டட் கட்டடச் சட்டப்படி அனுமதியின்றிக் கட்டடத்தின் தன்மையை மாற்றுவது குற்றம். தண்டப்பணத்துக்கு உச்சவரம்பு இல்லை, இரண்டாண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. குற்றம் செய்தவர் முன்னைய குத்தகைக்காரர்; அவருடைய கம்பனி கலைக்கப்பட்டு ஆளும் இல்லை. ஆனால் அதைச் சரிசெய்யும்படி கட்டளையிடும் அமலாக்க அறிவித்தல் கட்டடத்தின் உரிமையாளருக்கும் அதில் இருப்பவருக்கும் அனுப்பப்படும், அதற்குக் காலவரம்பே கிடையாது. உரிமையாளர் என் பத்திரத்தின் ஒரு பந்தியைக் காட்டினார்: அரச கட்டளை எதுவாயினும் அதை நிறைவேற்றும் செலவு குத்தகைக்காரருடையது. நான் வாங்காமல் விட்ட நிலைமைப் பட்டியல் அன்று கையில் இருந்திருந்தால், அந்த வெட்டு எனக்கு முன்னையது என்றாவது பேரம் பேசியிருக்கலாம். ஆகவே கையெழுத்திட முன் இரண்டு வேலை செய்யுங்கள். தேசிய மரபுப் பட்டியலில் அந்தக் கட்டடத்தின் பதிவை இணையத்தில் இலவசமாக வாசியுங்கள். ஆனால் அதில் எழுதாதது பாதுகாக்கப்படாதது என்று எண்ணாதீர்கள். என் தவறணையின் பதிவு ஆறு வரிதான், முகட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறகு கவுன்சிலின் திட்டமிடல் பதிவேட்டில் அந்த முகவரிக்கு இதுவரை கொடுக்கப்பட்ட அனுமதிகளை எடுத்து, கட்டடத்தில் கண்ணுக்குப் புதிதாகத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் அனுமதி உண்டா என்று ஒப்பிடுங்கள். குசினிப் புகைக்குழாயை முதலில் பாருங்கள். எங்கள் சமையலுக்குப் பலமான புகை உறிஞ்சி வேண்டும் என்பதால் எம்மவர்கள் அகப்படுவது அங்கேதான். கட்டடக் காப்புறுதியையும் இதே கையோடு பாருங்கள்: ஓக் சட்டகத்தைத் திருப்பிக் கட்டும் செலவுக்குக் காப்புறுதி செய்யாமல் சாதாரணச் செங்கல் வீட்டின் செலவுக்குச் செய்தால், சிறு சேதத்துக்கும் முழுத்தொகை கிடைக்காது.

முகட்டின் மூலையில் எள்ளுப்போலச் சிந்திக்கிடந்த எச்சத்தையும் அலுவலர் அன்று கண்டிருந்தார். வௌவால். பிரித்தானியாவில் எல்லா வௌவால் இனங்களும் அவை தங்கும் இடங்களும் சட்டப் பாதுகாப்பில் உள்ளன. அவை அந்த நேரம் அங்கே இல்லாவிட்டாலும் இடத்தைக் குலைக்க முடியாது. அந்தியில் அவை வெளியே பறப்பதை எண்ணும் ஆய்வு மே முதல் செப்டெம்பர் வரைதான் செய்யலாம். நான் மூன்று பேரிடம் விலை கேட்டு, மலிவானவருக்காகக் காத்திருந்து, செப்டெம்பர் கடைசியில் போனேன். பருவம் முடிந்துவிட்டது, அடுத்த மே வரை பொறுங்கள் என்றார். அப்படி எட்டு மாதம் வெறுமனே போயிற்று. கூரையைத் தொடும் எண்ணம் இருந்தால் வசந்தம் தொடங்க முன்னரே ஆய்வாளரைப் பதிவுசெய்துவிடுங்கள்.

அந்த எட்டு மாதத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம், இந்தக் கட்டடவகையைப் போய்ப் பார்த்துப் படித்தது. சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊரில் வீல்ட் அன்ட் டவுன்லண்ட் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. கென்றில் நீர்த்தேக்கம் ஒன்று கட்டியபோது அழியவிருந்த பேலீஃப் என்ற பதினைந்தாம் நூற்றாண்டு வீட்டை மரம் மரமாகக் கழற்றிக் கொண்டுவந்து அங்கே மீண்டும் பொருத்தியிருக்கிறார்கள். என் தவறணையின் உடன்பிறந்த வீடு அது. ஆனால் தளம் போடாமல், புகைபோக்கி இல்லாமல், மண்டபம் திறந்தபடி. நடுத்தரையில் விறகு எரிந்தது. புகை தலைக்கு மேலே ஒரு மட்டத்தில் நின்று, அதற்குக் கீழே கண் எரியாமல் இருக்க முடிந்தது. ஒரு மணி நேரம் அந்த வாங்கில் இருந்தேன். பிறகு அல்ஃபிறிஸ்டன் கிராமத்தில், மரபிடங்களைப் பாதுகாக்கும் நஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்பு 1896இல் 10 பவுணுக்கு வாங்கிய முதலாவது கட்டடமான பாதிரியார் வீட்டையும் பார்த்தேன். அதுவும் இதே வகை. இரண்டுக்கும் நுழைவுச்சீட்டு நூறு பவுண்கூட இல்லை. 35,000 பவுண் முற்பணம் கட்டும் முன் இந்த ஒரு பயணத்தைச் செய்திருந்தால் முகட்டில் எதைத் தேடவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

2019 கோடையில் முன்சுவரின் சீமெந்து உடைந்து, ஆட்டுமயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்து மூன்று பூச்சாக ஏறியது. ஒவ்வொரு பூச்சும் மெதுவாகக் காயவேண்டும், வெயில் பட்டால் ஈரச்சாக்குத் தொங்கவிட வேண்டும், உறைபனிக்கு முன் முடிக்கவேண்டும். 19,600 பவுண். செப்டெம்பர் நடுவில், வௌவால் ஆய்வு முடிந்து, கூரை வேலை தொடங்கியது. குசினி பதினொரு வாரம் பூட்டு. நடைப்பயணமாக வருவோர் கூடும் இலையுதிர்காலம் அது. 22,000 பவுண் வருமானம் இழந்தேன். தச்சருக்கும் ஓட்டு வேலைக்கும் 14,300, வரைபடங்களுக்கும் ஆலோசகருக்கும் வௌவால் ஆய்வுக்கும் 6,900. தச்சர் எசெக்ஸிலிருந்து வந்த ஒரு வயோதிபர். அறுத்த கைமரங்களை எறியவில்லை. மிஞ்சியிருந்த கறுத்த துண்டுகளை அப்படியே வைத்து, புதிய ஓக்கைச் சரிவாக வெட்டிப் பொருத்தி, மர ஆணி அடித்து இறுக்கினார். அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் உளியால் கீறிய கோடுகளைக் காட்டினார்: ஒன்று, இரண்டு, மூன்று என ரோம இலக்கங்கள். ஐந்நூறு ஆண்டுக்கு முன் தச்சர்கள் பட்டறையில் தரையில் கிடத்தி மரங்களைப் பொருத்திப் பார்த்து, எண் போட்டு, கழற்றி, இடத்துக்குக் கொண்டுவந்து அந்த எண்ணை வைத்தே நிமிர்த்தியிருக்கிறார்கள். புதுத் துண்டுகளில் இவர் 2019 என்று சிறிதாகக் கீறிவிட்டார்.

இங்கே ஒரு சிறு விடயத்தையும் சொல்லவேண்டும், ஏனெனில் இதிலும் காசு போயிற்று. பப்பின் பெயர்ப்பலகையில் 1380 என்று எழுதியிருந்தது. தீராந்திகள் உடைந்த கப்பல்களிலிருந்து எடுத்தவை என்று கிராமமே சொல்லும். நான் இரண்டையும் அச்சிட்டு உணவுப்பட்டியல், சுவர்ப்பலகை எல்லாம் செய்தேன். தீராந்திகளில் வெற்றாகத் தெரியும் துளைகளே கப்பல் கதைக்குச் சான்று என்பார்கள். பெரும்பாலும் அவை அதே கட்டடத்தில் பின்னால் எடுத்துவிட்ட சுவர்களின் பொருத்துத் துளைகள். கப்பலுக்கு வளைந்த மரம் வேண்டும், வீட்டுக்கு நேரான மரம் வேண்டும், கென்றின் காடுகளில் ஓக்குக்குக் குறைவும் இருக்கவில்லை. 1380க்கும் ஒரு தாளும் இல்லை. மெய்ட்ஸ்ரனில் உள்ள கென்ற் ஆவணக்காப்பகத்தில் மூன்று திங்கட்கிழமைகள் இருந்து நான் கண்ட மிகப் பழைய சான்று, பதினெட்டாம் நூற்றாண்டின் அனுமதிப் பதிவேட்டில் ஒரு ஏல் விற்பவரின் பெயரும் கிராமத்தின் பெயரும். வீடு அதைவிட முந்நூறு ஆண்டு பழையது, தவறணை அவ்வளவு பழையதன்று. அச்சிட்டதை எல்லாம் எடுத்துவிட்டு, கரி படிந்த முகட்டின் படத்தை மாட்டினேன். வந்தவர்கள் கப்பல் கதையைவிட அதைப் பற்றியே கூடுதலாகக் கேட்டார்கள்.

2020 மார்ச் 20ஆம் திகதி அரசாங்கம் எல்லா பப்களையும் பூட்டச் சொன்னது. அந்த நோய்க்கால இழப்பு எல்லோருக்கும் பொதுவானது, அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மீண்டும் திறந்தபோது என்னிடம் சேமிப்பு இல்லை, மனைவி தனியாக இழுத்த குடும்பத்தை இன்னும் அப்படியே விட மனமும் இல்லை. ஐந்தாம் ஆண்டு விலகல் விதியைப் பயன்படுத்த ஆறு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவித்தேன். அந்த விதிக்குள்ளும் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது: பழுதுபார்ப்புக் கடமைகள் எல்லாம் நிறைவேறியிருந்தால் மட்டுமே விலகலாம். இம்முறை வணிகக் குத்தகை தெரிந்த சட்டத்தரணியிடம் போனேன். சுண்ணாம்பு வேலைக்கும் முகட்டு வேலைக்கும் வைத்திருந்த அனுமதிக் கடிதங்களும் பற்றுச்சீட்டுகளும் இருந்ததால் உரிமையாளர் தகராறு செய்யவில்லை. விலகும் விதி இருக்கிறது என்று ஆறுதல்படாமல், அதற்குப் போடப்பட்ட நிபந்தனையைக் கையெழுத்திடும் நாளிலேயே வெட்டச் சொல்லிக் கேளுங்கள்.

எனக்குப் பின் வந்தவர் சமையற்காரியான ஒரு இளம்பெண். திறப்பைக் கொடுக்கும் நாளில், நான் எடுத்த 214 படங்களும் தச்சரின் குறிப்புகளும் அலுவலரின் கடிதங்களும் அடங்கிய கோப்பை அவரிடம் கொடுத்து, இதை உங்கள் பத்திரத்தோடு நிலைமைப் பட்டியலாக இணைக்கச் சொல்லுங்கள் என்றேன். கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவர், கறுத்த கைமரமும் வெள்ளை ஓக்கும் சேரும் படத்தில் நின்று, இது எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஏணி இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது. கைவிளக்கை எடுத்துக்கொண்டு அவரை முதலில் ஏறவிட்டேன்.